ஒரு பன்றிக்கு 17 டாலர்: நோபிள்ஸ் கவுண்டியில் பெருந்தொற்று நிவாரணம் கணக்கிடப்பட்ட விதம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், தென்மேற்கு மூலையில், அயோவா எல்லையை ஒட்டி இருக்கிறது நோபிள்ஸ் கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்கு அடுத்த நிர்வாக அலகு. பெயரளவில் அதை நம் மாவட்டத்தோடு ஒப்பிடலாமே தவிர, ஆள் எண்ணிக்கையில் நம் பேரூராட்சி ஒன்றின் அளவுதான். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 22,000 பேர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வொர்திங்டன் என்ற தலைநகரில் இருக்கிறார்கள். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மக்காச்சோளமும் சோயாவும். அவற்றுக்கு நடுவே நீண்ட தகரக் கூரையோடு பன்றிக் கொட்டகைகள். அந்தக் கொட்டகைகளில் வளர்பவற்றுள் பெரும்பகுதி போய்ச் சேருமிடம் வொர்திங்டனில் உள்ள ஜேபிஎஸ் நிறுவனத்தின் இறைச்சி ஆலை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களோடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 பன்றிகளை வெட்டும் ஆலை அது.

2020 ஏப்ரல் 20 அன்று அந்த ஆலை மூடப்பட்டது. அதற்கு எட்டு நாள் முன்னதாக, மேற்கே சுமார் 95 கிலோமீட்டர் தொலைவில் சூ ஃபால்ஸ் நகரிலிருந்த ஸ்மித்ஃபீல்டு ஆலை மூடுவதாக அறிவித்திருந்தது. ஏப்ரல் 22 அன்று அயோவாவின் வாட்டர்லூவில் டைசன் ஆலையும் நின்றது. மூன்றுக்கும் காரணம் ஒன்றே: தோளோடு தோள் உரசி நின்று வேலை செய்யும் வெட்டுக்கூடங்களில் கொரோனா தொற்று பரவியிருந்தது. நோபிள்ஸ் கவுண்டியில் உறுதி செய்யப்பட்ட தொற்றுகளின் எண்ணிக்கை மே மாதத்தின் முதல் வாரத்திலேயே ஆயிரத்தைத் தாண்டியது. ஏப்ரல் இறுதியில் நாட்டின் பன்றி வெட்டும் திறனில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு முடங்கிப் போயிருந்தது.

இந்தக் கவுண்டியை எடுத்துக்கொண்டு பெருந்தொற்றுக்கால விவசாய நிவாரணத்தைப் பார்ப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அமெரிக்க அரசு 2020இலும் அதன் பின்னரும் விவசாயிகளுக்குக் கொடுத்த தொகை மிகப் பெரியது. மொத்தக் கணக்கில் பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை என்றுகூடத் தோன்றும். ஆனால் ஒரு கொட்டகையின் வாசலில் நின்று, இந்தப் பணம் எதை எண்ணி, எந்தத் தேதியில் எண்ணி, யார் பெயரில் எண்ணிக் கொடுக்கப்பட்டது என்று கேட்டால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது. அரசு இழப்பை அளக்கவில்லை. தன்னால் உடனடியாக எண்ண முடிந்ததை எண்ணியது. இழப்பும் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்த இடங்களில் திட்டம் நன்றாக வேலை செய்தது. அவை பிரிந்த இடங்களில், மிகவும் அடிபட்டவர்கள் ஓராண்டும் அதற்கு மேலும் காத்திருந்தார்கள்.

பன்றி வளர்ப்பின் கால அட்டவணை தெரியாமல் இதைப் புரிந்துகொள்ள முடியாது. தாய்ப்பன்றியின் சினைக்காலம் 114 நாள். பிறந்த குட்டி சுமார் ஆறு மாதத்தில் 280 பவுண்டு, அதாவது 127 கிலோ எடைக்கு வந்துவிடும். ஆகவே 2020 ஏப்ரலில் ஆலைக்குப் போக வேண்டிய பன்றி, 2019ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே தீர்மானிக்கப்பட்ட ஒன்று. அதை நிறுத்தி வைக்க வழியில்லை. மக்காச்சோளத்தைக் குதிரில் கொட்டி ஓராண்டு வைத்திருக்கலாம். பன்றியோ நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ ஏறிக்கொண்டே போகும். ஆலையின் கொக்கிகளும் கத்திகளும் சங்கிலிகளும் ஒரு குறிப்பிட்ட எடைக்காக அமைக்கப்பட்டவை. அதைத் தாண்டிய பன்றிக்கு விலையில் பிடித்தம் உண்டு. இன்னும் தாண்டினால் ஆலை வாங்கவே வாங்காது.

2,400 பன்றிகள் கொண்ட கொட்டகையொன்றை நினைத்துப் பாருங்கள்; அந்தப் பகுதியில் அது வழக்கமான அளவுதான். கீழே இடைவெளி விட்ட சிமென்டுத் தரை, அதன் அடியில் சாணக்குழி, பக்கவாட்டில் ஓயாமல் சுழலும் பெரிய மின்விசிறிகள். ஆலை மூடிய வாரத்தில் பண்ணைக்காரர்கள் செய்த முதல் வேலை, கொட்டகையின் வெப்பத்தைச் சில பாகை கூட்டியது. சூடு கூடினால் பன்றி குறைவாகத் தின்னும். அடுத்து, தீவனத்தில் புரதச்சத்தைக் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டினார்கள். எடை ஏற வேண்டுமே என்று இரவுபகலாகப் பார்த்துப் பார்த்து வளர்த்தவர்கள், எடை ஏறாமலிருக்க வழி தேடினார்கள். இதனால் கிடைத்தது இரண்டு மூன்று வார அவகாசம். அதற்குள் அடுத்த ஈட்டுக் குட்டிகள் லாரியில் வந்து நிற்கும். அவற்றுக்கு இடம் வேண்டும்.

ஏப்ரல் 29 அன்று வொர்திங்டன் ஆலை, இறைச்சிக்காக அல்லாமல், பன்றிகளைக் கொன்று அப்புறப்படுத்துவதற்காக மட்டும் சிறு எண்ணிக்கை ஊழியர்களோடு திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 13,000 வரை கொல்ல முடியும் என்று அப்போது சொல்லப்பட்டது. அன்று அங்கு வந்திருந்த காலின் பீட்டர்சன், அமெரிக்கக் கீழவையின் அப்போதைய வேளாண் குழுத் தலைவர், மினசோட்டாக்காரர். கொல்லப்பட்ட உடல்களை மரத்துகளோடு கலந்து மக்க வைக்கும் இடமொன்றை மாநில அரசே இந்தக் கவுண்டியில் ஏற்படுத்தியது. மே 6 அன்று ஆலை மீண்டும் குறைந்த வேகத்தில் வெட்டத் தொடங்கியது. ஆனால் தேங்கி நின்ற பன்றிகள் கோடை முழுவதும் தீரவில்லை.

இனி வாஷிங்டனுக்கு வருவோம். வொர்திங்டன் ஆலை மூடுவதற்கு மூன்று நாள் முன்பு, ஏப்ரல் 17 அன்று, அன்றைய வேளாண் செயலர் சன்னி பெர்டியூ 1,900 கோடி டாலர் திட்டத்தை அறிவித்தார். அதில் 1,600 கோடி விவசாயிகளுக்கு நேரடியாகக் கொடுக்க. 300 கோடி காய்கறி, பால், இறைச்சி வாங்கி உணவுப் பெட்டிகளாக்கி வறியவர்களுக்கு வழங்க. அறிவிப்பின் தேதியைக் கவனிக்க வேண்டும். ஆலை மூடல்களின் அலை அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. திட்டத்தின் அடிப்படைக் கணக்கோ அதற்கு முன்பே நடந்து முடிந்த விலைச்சரிவை வைத்துப் போடப்பட்டிருந்தது. ஜனவரி நடுப்பகுதிக்கும் ஏப்ரல் நடுப்பகுதிக்கும் இடையே 5 விழுக்காடோ அதற்கு மேலோ விலை வீழ்ந்த பொருள்களுக்கே நிவாரணம் என்பது விதி.

பணம் இரண்டு கிணறுகளிலிருந்து வந்தது. 950 கோடி டாலர், மார்ச் 27 அன்று கையெழுத்தான கேர்ஸ் என்ற பெருந்தொற்று நிவாரணச் சட்டத்தின் கீழ் நாடாளுமன்றம் ஒதுக்கியது. 650 கோடி, சரக்குக் கடன் கழகம் என்ற 1930களின் அமைப்பினுடையது; விலை சரியும் காலங்களில் வேளாண் துறை கைவைக்கும் நிதிப்பெட்டி அதுதான். இரண்டு கிணறுகளுக்கும் சட்டப்படி வெவ்வேறு அளவுகோல். முதலாவது ஏப்ரல் 15 வரை நேர்ந்த இழப்புக்கு. இரண்டாவது அதன்பின் தொடரும் சந்தைச் சீர்குலைவுக்கு. காகிதத்தில் இது நியாயமான பிரிவினையாகவே தெரியும். பன்றிக்கு அது எப்படி வந்து விடிந்தது என்று பாருங்கள்.

ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற பன்றிகளில், 120 பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்குத் தலைக்கு 18 டாலர்; அதற்குக் குறைந்த குட்டிகளுக்கு 28 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கையிருப்பில் இருந்தவற்றுக்கு, அந்த நாள்களுள் எண்ணிக்கை மிக அதிகமாக இருந்த நாளைப் பண்ணைக்காரரே தேர்ந்துகொள்ளலாம். தலைக்கு 17 டாலர். அதாவது ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தபோது லாரியேறி விற்றுப் போன முழு வளர்ச்சிப் பன்றிக்கு 18. ஆலை மூடிய பிறகு கொட்டகையிலேயே தங்கிவிட்ட பன்றிக்கு 17. தங்கிவிட்ட பன்றி பிறகு அடிமாட்டு விலைக்குப் போனதா, அல்லது கொன்று மரத்துகளில் புதைக்கப்பட்டதா என்று விண்ணப்பப் படிவத்தில் கேள்வியே இல்லை. தேசியப் பன்றி வளர்ப்போர் மன்றம் ஏப்ரலில் வெளியிட்ட பொருளியலாளர்களின் மதிப்பீடு, அந்த ஆண்டின் மீதிக் காலத்தில் பன்றிக்குச் சராசரியாக 37 டாலர் இழப்பு என்றது. அதுவும் விற்ற பன்றியின் கணக்கு. கொல்லப்பட்ட பன்றியில் இழந்தது அதன் முழு விலையும், ஆறு மாதத் தீவனமும், கொல்லும் கூலியும், புதைக்கும் செலவும்.

தானியத்தில் இதே திட்டம் வேறு விதமாக வேலை செய்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 300 ஏக்கரில் மக்காச்சோளம் போட்டு, ஏக்கருக்கு 190 புஷல் எடுத்த ஒருவரைக் கொள்வோம் (புஷல் என்பது அமெரிக்கத் தானிய அளவு; மக்காச்சோளத்தில் சுமார் 25 கிலோ). 2019 விளைச்சல் 57,000 புஷல். அதில் பாதி 28,500. ஜனவரி 15 அன்று விலை பேசாமல் அவர் குதிரில் வைத்திருந்தது 35,000 புஷல் என்றால், இரண்டில் சிறியதான 28,500 தான் கணக்கில் வரும். இரு கிணற்றுப் பணமும் சேர்ந்து புஷலுக்கு உண்மையில் கிடைத்தது 33.5 சென்ட். ஆகவே 9,547 டாலரும் சில்லறையும். அவருடைய பக்கத்து நிலத்துக்காரர் அறுவடையிலேயே விலை பேசி முடித்திருந்தால் அவருக்கு ஒன்றும் இல்லை. அது சரியே, விலை சரிந்தபோது அவர் கையில் சரிவதற்கு எதுவும் இல்லை. ஜனவரி 15 என்பது சீனாவோடு முதற்கட்ட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தான நாளும்கூட. இரண்டாண்டு வர்த்தகப் போருக்குப் பின் விலை ஏறும் என்று நம்பித் தானியத்தைப் பிடித்து வைத்தவர்கள் பலர், அவர்கள்தான் மார்ச் மாதத்தில் அடிபட்டார்கள். வண்டிகள் ஓடாமல், மக்காச்சோளத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் எத்தனால் ஆலைகள் நின்றன. மக்காச்சோள விலை இறங்கியது. இங்கே எண்ணிக்கையும் இழப்பும் ஒத்துப் போயின. தானியத்துக்குத் தைத்த சட்டையைப் பன்றிக்குப் போட்டதுதான் பிசகு: தானியத்தின் நட்டம் விலையில் இருந்தது, பன்றியின் நட்டமோ ஆலை வாசலில் இருந்தது, அதுவும் விலைக்கணக்கு மூடப்பட்ட பிறகு வந்தது.

இந்தக் கணக்குகள் எல்லாம் போடப்பட்ட இடம் கவுண்டியின் எஃப்.எஸ்.ஏ. அலுவலகம், அதாவது வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமை. நாடு முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இத்தகைய அலுவலகங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அந்தப் பகுதி விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுவும் உண்டு. சாதாரண நாள்களில் விவசாயி நேரே போய், மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வரைபடத்தைப் பார்த்து எந்த வயலில் எதை நட்டேன் என்று காட்டிக் கையெழுத்துப் போட்டு வருவார். 2020 மே 26 அன்று விண்ணப்பம் தொடங்கியபோது அலுவலகக் கதவுகள் மூடியிருந்தன. எல்லாம் தொலைபேசியிலும் அஞ்சலிலும் மின்கையெழுத்திலும் நடந்தது. தொகையைத் தாமே போட்டுப் பார்க்க ஓர் எக்செல் தாளைத் துறை இணையத்தில் வைத்தது. அடிப்படைப் படிவம் சில பக்கங்களே. எண்ணிக்கையை விவசாயியே எழுதி, உண்மையென்று சான்றளித்துக் கையெழுத்திட்டால் போதும். விற்பனை ரசீதும் கையிருப்புப் பதிவும் பின்னர் திடீர்ச் சோதனைக்கு அழைத்தால் காட்ட வேண்டியவை. கிடைக்க வேண்டிய தொகையில் 80 விழுக்காடு உடனே. பணம் தீர்ந்துவிடாது என்று தெரிந்த பின் ஆகஸ்டில் மீதி 20.

இந்த எளிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. மே மாதத்தில் வங்கித் தவணை கட்ட வேண்டியவருக்கு ஜூனில் பணம் போய்ச் சேர்ந்தது. ஒவ்வொரு பண்ணையின் உண்மையான இழப்பையும் ஆள் அனுப்பி மதிப்பிட்டிருந்தால் அடுத்த ஆண்டும் அது முடிந்திருக்காது. ஆனால் வேகத்துக்குக் கொடுத்த விலையும் சிறியதல்ல. அரசின் கணக்காய்வு முகமை இந்தத் திட்டத்தின் எல்லாச் சுற்றுகளிலும் விவசாயிகளுக்குப் போன மொத்தத்தை 3,100 கோடி டாலர் என்று கணக்கிட்டு, கொடுத்த பணத்தைத் துறை இன்னும் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும் என்று 2022 செப்டம்பரில் பரிந்துரைத்தது. கேட்பவர் சொல்வதே கணக்கு என்றாகும்போது, ஏற்கெனவே ஒழுங்காகப் பதிவேடு வைத்திருப்பவருக்கும், அலுவலகத்தில் பெயரும் நில விவரமும் முன்பே பதிவானவருக்கும் வேலை சுலபம். புதிதாகக் கதவைத் தட்டுபவருக்கு அப்படியல்ல.

அடுத்தது, பன்றி யாருடையது என்ற கேள்வி. கொட்டகை ஒருவருடையது, பன்றி இன்னொருவருடையது என்பது அமெரிக்கப் பன்றி வளர்ப்பில் பரவலான ஏற்பாடு. நிறுவனமோ பெரும் பண்ணையோ குட்டியையும் தீவனத்தையும் மருந்தையும் அனுப்பும். கொட்டகைக்காரர் இடத்தையும் உழைப்பையும் கொடுத்து, பன்றி இடமொன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். கொட்டகை கட்ட வாங்கிய கடன், சாணக்குழியைக் காலி செய்யும் வேலை, நள்ளிரவில் மின்விசிறி நின்றால் ஓடும் ஓட்டம் எல்லாம் அவருடையவை. ஆனால் நிவாரண விதி கேட்டது ஒன்றே ஒன்று: விலை ஏறி இறங்கும் அபாயம் யார் தலையில்? அது பன்றியின் உரிமையாளர் தலையில். ஆகவே 17 டாலரும் 18 டாலரும் அவருக்கே. ஒப்பந்தக் கொட்டகைக்காரர் அந்தக் கோடை முழுவதும் கொட்டகை வாரக்கணக்கில் வெறுமையாகக் கிடந்து கூலி குறைந்திருந்தாலும், 2020இன் இரண்டு சுற்று நிவாரணத்திலும் அவருக்கு இடமில்லை.

பெரும் உரிமையாளர்களுக்கு உச்சவரம்பு இருந்தது என்பதும் உண்மை. ஒருவருக்கு 2,50,000 டாலர். ஆண்டுக்கு 400 மணி நேரமாவது உழைப்போ நிர்வாகமோ செய்யும் மூன்று பங்குதாரர்கள் இருந்தால் ஒரு நிறுவனத்துக்கு 7,50,000 வரை. ஆண்டு வருமானம் 9,00,000 டாலருக்கு மேற்பட்டவர்கள், அதில் முக்கால் பங்காவது விவசாயத்திலிருந்து வந்தால் மட்டுமே தகுதி பெற்றார்கள். லட்சக்கணக்கில் பன்றி வைத்திருக்கும் நிறுவனத்துக்கு இந்த வரம்பு ஒரு துளிதான். 2,400 பன்றிகளைச் சொந்தமாக வைத்திருந்த குடும்பத்துக்கோ, கையிருப்புக் கணக்கில் 40,800 டாலர், முந்தைய ஈட்டை விற்றிருந்தால் இன்னும் 43,200 என்பது கடனைக் கட்டிக் கோடையைத் தாண்டப் போதுமான தொகை. இந்த நடுத்தட்டுக் குடும்பங்களுக்குத்தான் முதல் சுற்று மிக நன்றாகப் பொருந்தியது என்பது என் கணிப்பு.

இரண்டாம் சுற்று செப்டம்பர் 17 அன்று அறிவிக்கப்பட்டது. அதிபர் டிரம்ப் விஸ்கான்சினில் நடந்த தேர்தல் கூட்டத்திலேயே அதைச் சொன்னார். விண்ணப்பக் காலம் செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 11 வரை. இப்போது பன்றிக்கு 23 டாலர், மாட்டுக்கு 55. பயிருக்கு முன்போல் குதிரில் இருந்த தானியம் அடிப்படையல்ல. 2020இல் விதைத்த ஏக்கர்தான் அடிப்படை. முன்னே பார்த்த 300 ஏக்கர்காரருக்கு, விளைச்சலில் 40 விழுக்காட்டுக்குப் புஷலுக்கு 58 சென்ட் வீதம், ஏக்கருக்கு 44 டாலர் என்று சுமார் 13,200 டாலர் வந்தது. அவர் இழந்தாரா என்பது கேள்வியல்ல, விதைத்தாரா என்பதே கேள்வி. அதற்குள் சந்தை திரும்பிவிட்டிருந்தது. சீனா பெருமளவில் வாங்கத் தொடங்கியது. சிகாகோ முன்பேரச் சந்தையில் மக்காச்சோளம் டிசம்பருக்குள் புஷலுக்கு 4 டாலரைத் தாண்டியது. ஜனவரியில் 5 டாலரைத் தாண்டியது. 2020 டிசம்பர் 27 அன்று கையெழுத்தான சட்டத்தின்படி, ஏக்கருக்கு மேலும் 20 டாலர் 2021 வசந்தத்தில் தானாகவே வங்கிக் கணக்கில் ஏறியது. நாடு முழுவதும் 5,60,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 450 கோடி டாலர். அந்த மே மாதத்தில் மக்காச்சோளம் 7 டாலரையும் தொட்டது. நல்ல விலை வந்த ஆண்டில் வந்து சேர்ந்த அந்த 20 டாலரைப் பெருந்தொற்று நிவாரணம் என்று அழைப்பதற்கு என் மனம் ஒப்பவில்லை.

2020இல் அமெரிக்க விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்த எல்லாத் தொகைகளும் சேர்ந்து சுமார் 4,600 கோடி டாலர். அதுவரை இல்லாத உச்சம். அந்த ஆண்டு நிகர விவசாய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. இவ்வளவு பணம் இருந்தும் எண்ணிக்கைக்குள் வராதவர்கள் எப்போது எண்ணப்பட்டார்கள் என்பதைத் தேதி வாரியாகப் பார்த்தால் மனம் கனக்கிறது.

2021 ஜனவரியில் பைடன் அரசு பொறுப்பேற்றதும் நிலுவைத் திட்டங்களை நிறுத்தி வைத்து மறுஆய்வு செய்தது. மார்ச் 24 அன்று, விடுபட்டவர்களுக்காக 600 கோடி டாலர் உள்ளிட்ட புதிய ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. கொன்று புதைத்த பன்றிகளுக்கான தனித் திட்டம் 2021 ஜூலை 20 அன்றுதான் விண்ணப்பத்துக்குத் திறந்தது. சந்தை விலையில் 80 விழுக்காடும், கொன்று அப்புறப்படுத்திய செலவில் ஒரு பங்கும் தருவதாகச் சொன்னது. ஒருவருக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு இல்லை. அதே பன்றிக்கு முன்பு வாங்கிய 17ஐயும் 23ஐயும் கழித்துக்கொண்டது. நியாயமான கணக்கு இதுதான். ஆனால் ஏப்ரல் இறுதியில் பன்றிகளை இழந்தவர் அதுவரை பதினைந்து மாதம் கடனில் ஓட்டியிருக்க வேண்டும். அதற்குள் அவருடைய கொட்டகை இருமுறை நிரம்பிக் காலியாகியிருக்கும். ஒப்பந்தக் கொட்டகைக்காரர்களுக்கு, 2018 அல்லது 2019 வருமானத்தோடு 2020ஐ ஒப்பிட்டு, குறைந்ததில் 80 விழுக்காடு வரை தரும் வழி 2021 கோடையில் திறந்தது.

கடைசியாக வந்தவர்கள் ரொக்கச் சந்தையில் விற்றவர்கள். ஆலைகளோடு நீண்டகால ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு இடம் முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும். அன்றன்று தொலைபேசியில் விலை பேசி விற்கும் சிறு பண்ணைக்காரர்தான் ஆலை திணறும்போது முதலில் வெளியே தள்ளப்படுவார், வாங்கினாலும் அடிமட்ட விலைதான். நாட்டின் பன்றி விற்பனையில் இவர்கள் பங்கு மிகச் சிறியது. 2020 ஏப்ரல் 16 முதல் செப்டம்பர் 1 வரை இப்படி விற்ற பன்றிக்குத் தலைக்கு 54 டாலர், அதிகபட்சம் 10,000 பன்றிகளுக்கு என்ற திட்டம் 2021 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. வாஷிங்டன் 17 டாலர் என்று மதிப்பிட்ட அதே கோடைப் பன்றியின் காயம், இருபது மாதம் கழித்து, உட்கார்ந்து கணக்குப் போட்டபோது மூன்று மடங்குக்கு மேல் தேறியது.

நோபிள்ஸ் கவுண்டிக்கு வெளியே இதே குறைபாடு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. 2020 நிவாரணத்தில் கறுப்பின விவசாயிகளுக்குப் போனது 0.1 விழுக்காடு மட்டுமே என்று 2021 மார்ச்சில் வேளாண் செயலர் டாம் வில்சாக் சொன்னார். ஏக்கரையும் தலையையும் எண்ணிக் கொடுக்கும் திட்டம், ஒரு நூற்றாண்டாக நிலத்தை இழந்து வந்தவர்களுக்கு வேறெப்படியும் கொடுத்திருக்க முடியாது. 1920இல் ஒன்பது லட்சத்துக்கு மேல் இருந்த கறுப்பின விவசாயிகள் இந்த நூற்றாண்டில் ஐம்பதாயிரத்துக்கும் கீழே சுருங்கிவிட்டார்கள். அதை ஈடுகட்ட 2021 மார்ச்சில் கொண்டுவந்த கடன் தள்ளுபடி, வெள்ளையின விவசாயிகள் தொடுத்த வழக்குகளில் ஜூன் மாதமே நீதிமன்றங்களால் நிறுத்தப்பட்டது. 2022 ஆகஸ்டில் அந்தச் சட்டப் பிரிவே நீக்கப்பட்டது.

வொர்திங்டனில் இன்னொரு கூட்டம் இருந்தது. அவர்களிடம் எண்ணுவதற்கு ஏக்கரும் இல்லை, பன்றியும் இல்லை. அந்த ஆலைத் தொழிலாளர்களில் பலர் மத்திய அமெரிக்காவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் லாவோஸ், மியன்மார், எத்தியோப்பியா, சூடான் நாடுகளிலிருந்தும் வந்தவர்கள். அவர்கள் நோயுற்றதால் ஆலை நின்றது; ஆலை நின்றதால் பன்றி தேங்கியது; பன்றி தேங்கியதால் விவசாயிக்கு நிவாரணம் வந்தது. சங்கிலியின் முதல் கண்ணியில் நின்றவர்களுக்கு, பண்ணை மற்றும் இறைச்சித் தொழிலாளர்களுக்கென்று ஒருமுறை 600 டாலர் தரும் திட்டத்தை வேளாண் துறை 2021 செப்டம்பரில் அறிவித்தது. பணத்தைப் பகிர்ந்து கொடுக்கும் அமைப்புகள் 2022 அக்டோபரில்தான் தேர்வாயின. அதே மாதத்தில் மினசோட்டா மாநில அரசு, பெருந்தொற்றில் வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலைக்குப் போனவர்களுக்காக ஒதுக்கிய 50 கோடி டாலரை, தகுதி பெற்ற பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குச் சமமாகப் பிரித்துக் காசோலை அனுப்பியது. மருத்துவமனைச் செவிலியருக்கும் பேருந்து ஓட்டுநருக்கும் வொர்திங்டன் வெட்டுக்கூடத்தில் நின்றவருக்கும் ஒரே தொகை: 487 டாலர் 45 சென்ட்.